நாடகசாலைக்கு அருகே ஒரு கலைமன்றம்

கல்விச் சுற்றுலா என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வருவது புளிசாதப் பொட்டலமும் பேருந்துப் பாட்டும்தான். இம்முறையும் வாசுதேவநல்லூர், சிவகிரி, இராசபாளையம் என்று ஊர் ஊராகப் பாடிக்கொண்டுதான் மதுரை போய்ச் சேர்ந்தோம். திரும்பும்போது ஒருத்தியும் பாடவில்லை. புளியங்குடி வரும்வரை விவாதம்தான். அந்த விவாதத்தை ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி தமிழம்மா பணித்தார்கள். பத்தாம் வகுப்பார் அனைவர் சார்பிலும் எழுதுகிறோம்.

திருமலை நாயக்கர் மகாலை அறியாதார் இலர். 1636-இல் கட்டப்பெற்ற அவ்வரண்மனையில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. பேரனாகிய சொக்கநாத நாயக்கர், திருச்சிராப்பள்ளியில் தமக்கோர் அரண்மனை எழுப்புவதற்காகப் பாட்டனாரின் மாளிகையைப் பிரித்தெடுத்தார் என்பர். எஞ்சிய பகுதியை, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு பழுது பார்க்கச் செய்தார். சொர்க்க விலாசத்தின் தூண்களைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நாங்கள் விட்டுவிடுகிறோம்.

எங்களை நிறுத்தி வைத்தது அதை அடுத்துள்ள நாடகசாலை. ஆடலும் நாடகமும் அரசர் கண்டு களித்த கூடம் அது. எங்களுள் ஒருத்தி மெல்லக் கை தட்டினாள். ஓசை மேலே போய்ச் சற்று நின்று திரும்பி வந்தது. ஆனால் இன்று அக்கூடத்தில் இருப்பவை கற்சிலைகள். அது அருங்காட்சியகமாகிவிட்டது. முற்றத்திலே 1981-இல் தொடங்கப்பெற்ற ஒலி ஒளிக் காட்சி சிலப்பதிகாரக் கதையைச் சொல்லும். குரல் கேட்கும், விளக்கு எரியும். கண்ணகி மட்டும் வரமாட்டாள்.

மகாலைவிட்டுச் சிறிது தூரம் நடந்தால் பத்துத் தூண் சந்து. இடிந்துபோன அரண்மனைப் பகுதியின் மிச்சமாகப் பத்துப் பெருந்தூண்கள் அங்கே நிற்கின்றன. சுற்றிலும் ஜவுளிக் கடைகள். அண்ணாந்து பார்த்தாலன்றித் தூண் இருப்பதே தெரியாது. எங்களுள் சிலர், தாய்மார் வாங்கிவரச் சொன்ன சேலைகளைப் பார்த்துக்கொண்டே தூண்களைக் கடந்து போய்விட்டனர் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மகாலுக்கும் இத்தூண்களுக்கும் அருகே ஒரு புதிய கலைமன்றம் வேண்டும் என்பது எங்கள் கருத்து. அதை எப்படிக் கட்டுவது என்பதில்தான் சண்டை.

"பழையபடியே எழுப்பிவிடலாமே! தென்காசிக் கோபுரத்தை எழுப்பவில்லையா?" என்றது ஒரு கட்சி. நல்ல கேள்விதான். நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாய் நின்றதை எங்கள் பாட்டிமார் கண்டிருக்கிறார்கள். 1990-இல் குடமுழுக்குக் கண்ட முழுக் கோபுரத்தையே நாங்கள் அறிவோம். ஆனால் கோயில் வழிபாட்டில் இருப்பது. நேற்றும் இன்றும் அதே காரியம் அங்கே நடைபெறுகிறது. மகாலிலோ அரசரும் இல்லை, அரசவையும் இல்லை. சிமெண்டில் நாயக்கர் வளைவுகளை வார்த்து வைத்தால், எது 1636, எது போன வருஷம் என்று எங்கள் தங்கைமாருக்குத் தெரியாமற் போகும். திருமண மண்டபங்களில் அத்தகைய வளைவுகளைப் போதுமான அளவு பார்த்துவிட்டோம்.

"இக்காலத்துக்கு ஏற்ப உயரமாய்க் கட்டலாம்" என்றது மறு கட்சி. யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். 1981-இல் எரிக்கப்பட்டுப் பின்னர் மீண்டெழுந்த பொது நூலகத்தின் பக்கத்திலேயே, இந்திய அரசின் கொடையாக ஒரு பண்பாட்டு மையம். 2015-இல் அடிக்கல், 2023-இல் மக்களுக்கு அர்ப்பணிப்பு. அருங்காட்சியகம், 600 பேருக்கு மேல் அமரும் அரங்கு, பதினொரு மாடிக் கற்றல் கோபுரம் எல்லாம் உண்டு. படங்களில்தான் பார்த்தோம். கலை பயில இடம் ஒதுக்கியது எங்களுக்குப் பிடித்திருந்தது. அவ்வளவு உயரம் பிடிக்கவில்லை. நூலகத்தின் வெண்ணிறக் குவிமாடங்கள் அருகில் சிறுத்துப்போய்த் தோன்றுகின்றன. கட்டிய பின் நடத்தும் செலவு மாநகர சபைக்குத் தாங்குமா என்ற கவலையும் அங்கே எழுந்ததாம். கட்டடம் கட்டுமுன் மின்சாரக் கட்டணத்தை யார் செலுத்துவது என்று எங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பார்கள்.

ஆகவே எங்கள் மன்றம் பத்துத் தூண்களைவிடத் தாழ்வாகவே இருக்கட்டும். செங்கல்லும் சுண்ணாம்பும் போதும். நடுவே திறந்த முற்றம். அங்கிருந்து பார்த்தால் தூண்கள் மறைவின்றித் தெரிய வேண்டும். கடைக்காரர்களை விரட்டக்கூடாது, எங்கள் ஊர் வியாபாரிகளுக்குக்கூட அச்சந்தில்தான் கொள்முதல். "அருகே" என்றால் எத்தனை அருகே என்று அருட்சகோதரி ஒருவர் கேட்டார்கள். மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பலாகாது என்கிறது 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். மகால் மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பது. எந்தச் சட்டமானாலும், கடைகாலுக்குத் தோண்டும் அதிர்வு பழஞ்சுவருக்கு ஆகாது என்பது ஒன்றே. எட்டி நின்றே கட்டலாம். தோண்டும்முன் அடியில் என்ன புதைந்திருக்கிறது என்று தொல்லியலார் பார்த்துவிட வேண்டும்.

இனி உள்ளே நடக்க வேண்டியதைச் சொல்கிறோம். எங்களுக்கு இதுவே பெரிது. நாடகத்துக்கு மதுரை புதிய ஊரன்று. 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அங்கேதான் தோற்றுவித்தார். டி. கே. எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக அதில் சேர்ந்தனர். பால சபை என்றால் பையன்கள் சபை. வள்ளியும் பையன், தோழியும் பையன். பக்கத்துச் செங்கோட்டையில் பிறந்த கிட்டப்பாவோடு ஈடு கொடுத்துப் பாடி நடித்த கே. பி. சுந்தராம்பாளைப் போன்ற பெண்கள் மேடையேறியதற்கு எத்தனை ஏச்சுக் கேட்டிருப்பார்களோ! இன்றும் எங்கள் ஆண்டுவிழா நாடகத்தை ஊரில் வேறிடத்தில் போடலாமா என்றால், மண்டப வாடகையைக் கேட்டுப் பெற்றோர் தலையைச் சுற்றுகிறது.

எனவே அம்மன்றத்தில் வில்லுப்பாட்டுக்கும் கணியான் கூத்துக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வாடகை மிகக் குறைவாக இருக்கட்டும். வாரத்தில் ஒரு மாலையேனும் உயிருள்ள மனிதர் நடிக்கும் நாடகம் நடக்கட்டும். பாட்டிமார் ஏறச் சாய்தளம் வேண்டும். பெண்கள் உடை மாற்றத் தனியறை, அதற்கு உள்ளே தாழ்ப்பாள், தண்ணீர் வரும் குழாய் ஆகியவற்றை வரைபடம் போடும்போதே போட்டுவிட வேண்டும். மேடைக்குப் பின்னால் திரையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தியை ஒருத்தி காவல் காத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

பராக்கிரம பாண்டியர் தென்காசிக் கோயிலில் ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறார்: பிற்காலத்தில் இங்கே குறை நேர்ந்து, அதைத் திருத்துவோர் யாராயினும் அவர் அடியில் தாம் இப்போதே வீழ்ந்து வணங்குவதாக. மதுரையில் வரைபடம் போட வருபவர் முதலில் தென்காசி வந்து அதைப் படித்துவிட்டுப் போகலாம். வந்தால் புளியங்குடி வழியாகத்தான் போக வேண்டியிருக்கும். எலுமிச்சைச் சாறு தருகிறோம், எங்கள் குறிப்பையும் தருகிறோம்.

இதைப் படித்துக் காட்டியபோது பின் வாங்கிலிருந்து ஒருத்தி, "அந்த அறையில் கண்ணாடி உண்டா?" என்றாள். மறந்துவிட்டோம். அதையும் சேர்த்துக்கொள்க.