‘எழும்பி ஓடு’ எண்டு கத்துற ஆக்களுக்கு

போன கிழமை எங்கட பட்ச் வட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளி வந்தது. 2017, கொலராடோ மலைகளில் ஹாட்றொக் 100 மைல் ஓட்டம். கிலியன் ஜோர்னே 13ஆவது மைல் அளவில் விழுகிறார், தோள்மூட்டு விலகுகிறது. தானே அதைத் தள்ளிப் பொருத்தி, கையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, மிச்ச எண்பத்துச் சொச்சம் மைலையும் ஓடி முதலாவதாக வருகிறார். பின்னணியில் வழமையான அந்த ‘எழுச்சி’ இசை. கீழே, உடம்பு விழுந்தாலும் மனசு விழக்கூடாது என்ற மாதிரி ஒரு வாசகம். எல்லாரும் நெருப்பு இமோஜி போட்டார்கள். நான் போடவில்லை. அனுப்பின நண்பன் அடுத்த மாதம் முதன்முதலாக ஒரு நீண்ட மலைப்பாதை ஓட்டத்துக்குப் போகிறான். இதுதான் தன்ர மன ஆயத்தம் எண்டான்.

கதை பொய்யில்லை. ஜோர்னேயோடு எனக்குச் சண்டையும் இல்லை. பிரெனே மலையில் ஒரு தங்குகுடிலில் வளர்ந்த மனிதர், மலையில் விழுந்து எழும்புவது அவருக்குச் சின்ன வயதுப் பழக்கம். அந்தக் கதையை வெட்டி, இசை போட்டு, முதல்முறை ஓடப்போறவனுக்குப் பருக்கிற ஆக்களோடுதான் என் சண்டை.

இவர்கள் அடிக்கடி எடுக்கிற இன்னொரு பெயர் கோட்னி டோவோல்டர். அவரும் 2017 இல் ஒரு 100 மைல் ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் பார்வை மங்கி, விழுந்து, தலையில் இரத்தம் வழிய ஓடி வென்றார். சரி. அதே கோட்னி 2019 இல் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டத்தில் பெண்களில் முன்னுக்கு நின்றபோதே, இடுப்பு வலியால் 79ஆவது மைல் அளவில் நிறுத்தினார். 2021 யூலையில் ஹாட்றொக்கில் வயிறு ஒத்துவராமல் பாதியில் விலகினார். அடுத்த மாதக் கடைசியில் மொன் பிளாங் மலையைச் சுற்றி ஓடும் யூ.ரி.எம்.பி இல் 22 மணி 30 நிமிடத்தில் முடித்து அதுவரை இருந்த பெண்கள் சாதனையை உடைத்தார். நிறுத்தினவள் தோத்தவள் எண்டு கதைக்கிறவை இந்தக் கணக்கை எப்பிடி முடிப்பினம்? இதுக்கு ஒருத்தரும் இசை போட்டு வீடியோ செய்யேல்லை.

2021 மே 22, சீனாவின் கான்சு மாகாணம். 100 கிலோமீற்றர் மலையோட்டத்தில் 172 பேர். திடீரென்று குளிர்காற்று, மழை, ஆலங்கட்டி. கனபேர் அரைக்காற்சட்டையும் மெல்லிய ரீசேட்டும்தான் போட்டிருந்தார்கள். காற்றுத் தடுக்கும் மேற்சட்டை கட்டாயப் பொருட்களில் இருக்கவில்லை. 21 பேர் இறந்தார்கள். நாட்டின் பெயர்பெற்ற நெடுந்தூர ஓட்டக்காரர் லியாங் ஜிங்கும் அதில் ஒருவர். அவருக்கா மனவலிமை இல்லை? ஆறு பேரைக் காப்பாற்றினது ஜு கெமிங் என்ற ஆட்டு இடையர். அவரிடம் இருந்தது ஒரு குகையும், நெருப்பும், போர்வையும்.

குளிர் கடுமையாகப் பிடித்தால் முதலில் நடுக்கம் வரும். பிறகு புத்தி தடுமாறும். மேலே போவதா திரும்புவதா என்று முடிவெடுக்கிற அந்த மனசே வேலை செய்யாது. களைப்பும் இதேதான் செய்யும்: இறக்கத்தில் தொடை சோர்ந்து, பாதம் தேவையான உயரத்துக்குத் தூக்குப்படாமல், கண் வேரைக் கண்டாலும் கால் அதில் தடக்கும். உடம்பு கைவிடும்போது மனசு காப்பாற்றும் எண்டு சொல்லுறவை, மனசும் உடம்புக்குள்ளதான் இருக்கு எண்டதை மறந்துபோயினம்.

ஓட்டத்துக்கு முதல் மனசைத் தயார்ப்படுத்துவது தேவைதான். ஆனால் அது சபதம் எடுக்கிறதில்லை. இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிவெடுத்து வைக்கிறது. பீற்றர் கோல்விற்சர் என்ற உளவியலாளர் பல வருடமாக ஆராய்ந்தது இப்படியான திட்டங்களைத்தான். வெறுமனே ஆசைப்படுகிறதைவிட இது வேலை செய்கிறது. தலை அடிபட்டால் அடுத்த இடத்தில் நிற்பேன். நடுக்கம் நிற்காவிட்டால் இறங்குவேன். தெளிவாக இருக்கிற மூளை, தெளிவில்லாமல் போகப்போகிற மூளைக்கு எழுதி வைக்கிற கடிதம் மாதிரி.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் எண்டால், பத்தாம் ஆண்டில் பாடசாலை மரதன் ஓடினனான். முதல்நாள் ஒரு மணித்தியாலம் மனத்தைரியத்தைப் பற்றி ஒரு சேர் பேசினார். விழுந்தால் என்ன செய்யிறது எண்டு ஒரு வசனம் இல்லை. கிறவல் ரோட்டில் கரண்டைக்கால் பிரண்டு விழுந்தன். சைக்கிளில் பின்னால் வந்த இன்னொரு சேர் ‘எழும்பி ஓடு’ எண்டு கத்தினார். ஓடினன். பதினோராவது இடம், ஒரு சான்றிதழ். பிறகு இரண்டு மாதம் நொண்டினன். படி இறங்கேக்க இப்பவும் அந்தக் கால்தான் முதலில் பயப்படும்.

மச்சான், உன்ர பையில மழைச்சட்டை இருக்கா? லைற்றுக்கு மேலதிக பற்றறி? கால் பிரண்டால் எந்த இடத்தில நிற்பாய், ஆருக்குக் கோல் எடுப்பாய்? இதுக்கெல்லாம் பதில் எழுதிக் குழுவில போடு. நாலு நெருப்புப் போடுறன்.