பன்னிரு நாட் பண்டிகையும் இல்லறச் சிக்கனமும்

கிறிஸ்துமஸ் ஒருநாட் பண்டிகையன்று. டிசம்பர் 25 முதல் ஜனவரி 5 ஈறாகப் பன்னிரு நாள் கொண்டாடற்குரியது. 567ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துத் தூர் நகரிற் கூடிய சபைச் சங்கம் இந்நாட்களைத் திருநாட்காலமெனக் கொண்டது. நம்மவரிற் பலரோ முதல் நாளிலேயே கைப்பொருளனைத்தையும் கரைத்துவிடுகின்றனர்.

கூத்தாநல்லூர் முதலிய காவிரிப் பாசன ஊர்களில் அஃது சம்பாப் பயிர் வயலில் நிற்க, உழவன் கையிற் காசு அருகியிருக்குங் காலம். கடன்பட்டு வாங்கிய பட்டாடைக்கு வட்டி, அறுவடைக் களத்திலன்றோ வந்து நிற்கும்?

ஆதலின் செலவைச் சுருக்கி, மகிழ்ச்சியைப் பன்னிரு நாளுக்கும் பகுத்தலே நன்று. முதல் நாள் ஆராதனையும் பலகாரமும். மற்றொரு நாள் அண்டைவீட்டு முகம்மதிய நண்பரோடு சிற்றுண்டி. வேறொரு நாள் நோயுற்றாரைக் காணல். பின்னுமொரு நாள் குடும்பமாய்க் கீர்த்தனை பாடல். இவற்றுட் பெரும்பொருள் வேண்டுவது யாது? பட்டின்றேல் பண்டிகை சிறவாதென்பார், பாலன் பிறந்த தொழுவத்தை நினைவாராக. கடனின்றிக் கொண்டாடிய இல்லமே, அடுத்துவரும் தைத்திருநாளையும் தலைநிமிர்ந்து வரவேற்கும்.