நலம் காப்போம்: பிள்ளை மயங்கி விழுந்தால்

பாடசாலைக் காலைக் கூட்டத்தில் வெயிலில் நிற்கும் பிள்ளை முகம் வெளிறி, வியர்த்து விழுகிறது. ஓரிரு நிமிடத்தில் எழுந்தும் விடுகிறது. "நடிப்பு" என்பார் ஒருவர். "ஏதோ பிடித்துவிட்டது, நூல் கட்டுங்கள்" என்பார் இன்னொருவர். போரைக் கண்ட நம் வீடுகளில் "எல்லாம் பயம்தான்" என்று விட்டுவிடுவதும் உண்டு. சகோதரிகளே, இவற்றை ஒதுக்கிவிட்டு நடந்ததைக் கவனியுங்கள்.

நிற்கும்போது இரத்தம் கால்களில் தேங்கப் பார்க்கும். நரம்புகள் இரத்தக் குழாய்களை இறுக்கி அதை மேலே அனுப்பும். வளரும் வயதில் இந்த ஒழுங்கு சிலவேளை தவறுவதால் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்கி, மூளைக்குச் செல்லும் இரத்தம் சற்று நேரம் குறைகிறது. இத்தகைய மயக்கம் பெரும்பாலும் ஆபத்தற்றது.

பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். நினைவு திரும்பும்வரை வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கையில் சாவி கொடுப்பதால் பயனில்லை. சில விநாடி கைகால் வெட்டினாலும் வலிப்பு என்று நீங்களே முடிவுசெய்ய வேண்டாம்.

வைத்தியர் படுத்த நிலையிலும், எழுந்து நின்ற பின்னரும் நாடியையும் அழுத்தத்தையும் அளப்பார். 12 முதல் 19 வயதுப் பிள்ளைக்கு எழுந்து நின்று 10 நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு 40க்கு மேல் கூடி, மாதக்கணக்கில் தலைச்சுற்றும் களைப்பும் இருந்தால் அது வேறொரு கோளாறாக இருக்கலாம். தொடர் சிகிச்சை தேவை. ஈ.சி.ஜி.யும், தேவையானால் இரத்தச்சோகைப் பரிசோதனையும் செய்வார்கள்.

பலருக்கு மருந்தே வேண்டியதில்லை. போதிய தண்ணீர், தவறாத காலை உணவு, மெதுவாக எழும்பும் பழக்கம் போதும். கண் இருட்டினால் உடனே உட்கார வேண்டும். முடியாவிட்டால் கால்களைப் பின்னி இறுக்க வேண்டும். உப்பைக் கூட்டுவது வைத்தியர் சொன்னால் மட்டுமே.

ஆனால் ஓடும்போதோ நீந்தும்போதோ விழுந்தால், முன்னறிகுறியின்றி விழுந்தால், நெஞ்சுவலியோ படபடப்போ இருந்தால் தாமதிக்காதீர்கள். பட்டாசுச் சத்தத்தில் மயங்கிய பிள்ளையையும் "யுத்தப் பயம்" என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. சில இதயத் துடிப்புக் கோளாறுகள் இப்படித்தான் வெளிப்படும். குடும்பத்தில் இளவயதில் எவராவது திடீரென இறந்தார்களா என்பதும் முக்கியம். தந்தையை இழந்த பிள்ளையானால் தந்தைவழி உறவினரிடம் கேட்டு அறியுங்கள்.

தெஹிவளைக்கு அருகே களுபோவில போதனா வைத்தியசாலையும், பொரளையில் சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையும் உள்ளன. அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். அவசரத்துக்கு 1990 இலவச அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.

எங்கே, என்ன செய்கையில், எவ்வளவு நேரம், விழுமுன் என்ன சொன்னது என்பவற்றைக் கொப்பியில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கருவிக்கும் முன்னதாக வைத்தியர் கேட்பது, கண்டவர் சொல்லும் விபரத்தையே.