வேலையில் திருப்தியா?

வைட்ஃபீல்ட் வட்டாரத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் அவ்வப்போது ஊழியர்களிடம் ஒரு படிவத்தை நீட்டுவார்கள். சம்பளம், மேலதிகாரி, விடுமுறை, கான்டீன் சாப்பாடு எல்லாவற்றுக்கும் மார்க் போடலாம். இதே கேள்வியை உடலை விற்றுப் பிழைக்கும் பெண்ணிடம் கேட்கலாமா என்றால் பலர் முகம் சுளிப்பார்கள். கேட்கத்தான் வேண்டும் என்பது நமது கருத்து. கடத்தி வரப்பட்ட பெண்ணிடம் அல்ல. அவளை மீட்பதே முதல் வேலை. தானாக இத்தொழிலில் நிற்பவளிடம்.

"வேறு வேலைக்குப் போகக்கூடாதா?" என்பார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் உண்டு. 2005ல் சுயசரிதை எழுதிக் கேரளத்தைத் திகைக்க வைத்த நளினி ஜமீலா முதலில் கூலி வேலை பார்த்தவர்தான்.

எந்த வேலையிலும் திருப்திக்கு முதல் அளவுகோல், "முடியாது" என்று சொல்ல முடிகிறதா என்பதே. கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது எந்தப் பெண் வந்தவனை வேண்டாமென்று திருப்பி அனுப்புவாள்? கல்கத்தா சோனாகாச்சிப் பெண்கள் இதை உணர்ந்துதான் 1995ல் 'உஷா' கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். சேமிப்பும் கடனும் அவர்கள் கைக்கு வந்தன. பெல்ஜியமோ 2024 டிசம்பர் முதல் இப்பெண்களுக்கு வேலை ஒப்பந்தம், பிரசவ விடுமுறை, பென்ஷனோடு, ஆளை மறுக்கும் உரிமையையும் சட்டமாகவே தந்திருக்கிறது.

நம் நாட்டில்? விபசாரமே குற்றம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 1956ஆம் வருடச் சட்டம் விடுதி நடத்துவதையும், தரகையும், பொது இடத்தில் ஆள் அழைப்பதையுமே தண்டிக்கிறது. வயது வந்த பெண் தன் இஷ்டப்படி, தனியாக இருந்து செய்தால் அது மட்டும் குற்றமாகாது. 2022 மே மாதம் சுப்ரீம் கோர்ட், இப்பெண்களைப் போலீசார் அடிக்கவோ ஏசவோ கூடாது, கண்ணியமாக நடத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டது. உத்தரவு லத்தி வரை வந்து சேர்ந்ததா என்பதை அப்பெண்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் அதே சட்டத்தின் 4வது பிரிவைப் படித்துப் பாருங்கள். இவ்வருமானத்தில் தெரிந்தே பிழைக்கும், 18 வயது கடந்த எவருக்கும் இரண்டாண்டு வரை சிறை. தரகனுக்காகப் போட்ட பிரிவுதான். எழுத்துப்படி பார்த்தால், அம்மா கட்டிய பீஸில் கல்லூரிக்குப் போகும் மகனும், அந்தக் காசில் கஞ்சி குடிக்கும் பாட்டியும் அதில் அகப்படுவார்கள். பிள்ளை படிப்பதுதான் அந்தத் தாய்க்கு இருக்கும் ஒரே திருப்தி. அதையும் குற்றமாக்கி வைத்திருக்கிறோம்.

'பெற்றோரும் பிள்ளைகளும் நீங்கலாக' என்று சேர்க்கப் பார்லிமெண்டுக்கு ஒரு வரி போதும்.