வானவீதியில் வேகமும் தண்டமும்

வீதியில் ஓடும் மோட்டார் வண்டிக்கு வேகவரையறை உண்டென்பதைச் சிறுவரும் அறிவர். வானிற் பறக்கும் விமானத்திற்கும் அத்தகைய வரையறை உண்டோ, உண்டாயின் அதனை மீறுவோனை மறித்துப் பிடிப்பவர் யாவர் என்று சென்ற தவணையில் மாணாக்கன் ஒருவன் என்னை வினாவினான். நன்னூற் பாடத்தின் நடுவே எழுந்த வினா அது. அன்று எனக்கு விடை தெரியவில்லை. பின்னர்த் தேடிக் கற்றவற்றுள் ஒரு பகுதி விமானிகளோடு நில்லாது ஆசிரியராகிய நம்மையும் தீண்டுவதாதலின் ஈண்டு எழுதத் துணிந்தேன்.

அமெரிக்க ஐக்கிய நாட்டு விதியை எடுத்துக்கொள்வோம். அங்கே கடல்மட்டத்திலிருந்து 10,000 அடிக்குக் கீழே பறக்கும் விமானம், தனி அநுமதி பெற்றாலன்றி, மணிக்கு 250 கடல்மைல் வேகத்தை, அதாவது ஏறக்குறைய 463 கிலோமீற்றரை, மிஞ்சலாகாது. பல விமான நிலையங்களின் அண்மையில் தாழப் பறக்கையில் அது 200 ஆகக் குறையும்.

இவ்விதி ஏட்டிற் பிறந்ததன்று. 1960 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆம் நாள் நியூயோர்க் நகரின்மேல் இரண்டு பயணிகள் விமானங்கள் மோதின. அவற்றுள் ஜெற் விமானம், தான் வட்டமிட்டுக் காத்திருக்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் பல மைல் சென்றுவிட்டது. அது மிகுவேகத்தோடு வந்தமையும் காரணங்களுள் ஒன்றென விசாரணை கண்டது. ஒன்று ஸ்ரேற்றன் தீவிலும் மற்றையது புறூக்ளின் குடியிருப்பிலும் வீழ்ந்தன. இறந்தோர் 134 பேர்; அவருள் அறுவர் விமானம் ஏறாது நிலத்தில் நின்றவர்கள். அடுத்த ஆண்டே வேகவரையறை தோன்றியது. 1967 இல் அது 10,000 அடிக்குக் கீழே எங்கும் விரிந்தது.

இனி, மீறுவோனைப் பிடிப்பது எங்ஙனம்? வானத்தில் பொலிஸ்காரன் நிற்பதில்லை. நிலத்திலிருந்து நோக்கும் றேடார், விமானம் நிலத்தின்மேல் எத்துணை விரைவாக நகர்கின்றது என்பதையே காட்டும். விதியோ, விமானியின் முன்னுள்ள வேகமானி காட்டும் எண்ணைப் பற்றியது. அவ்வெண் எதிர்வரும் காற்றின் அழுத்தத்தால் அளக்கப்படுவது. பின்காற்று வீசினால் நிலத்தின்மேல் வேகம் கூடும். வேகமானியின் எண்ணோ கூடாது. ஆகவே சிறுமீறல்களை நிலத்திலிருப்போர் திட்டமாக அறிதல் அரிது. பெருமீறலாயின், கட்டுப்பாட்டாளர் ஒரு தொலைபேசி இலக்கத்தைக் கூறி, இறங்கியபின் பேசும்படி விமானிக்கு அறிவிப்பார். அதன்பின் விசாரணை; அநுமதிப்பத்திரம் சிலகாலம் நிறுத்தப்படலாம், அறவே பறிக்கப்படலாம். மேன்முறையீடும் உண்டு.

இத்துணையும் எவரும் எதிர்பார்க்கக்கூடியதே. என்னை வியப்பில் ஆழ்த்தியது பிறிதொன்று.

1974 டிசம்பர் 1 ஆம் நாள் வாஷிங்டன் நகரை அணுகிய விமானமொன்று வேர்ஜீனிய மலையில் மோதி 92 பேர் மாண்டனர். கட்டுப்பாட்டாளர் தந்த அநுமதியின் பொருளை விமானிகள் வேறாகக் கொண்டு, உரிய இடத்திற்கு முன்னரே தாழ இறங்கிவிட்டனர். அதற்கு ஆறு வாரங்களின் முன் வேறொரு கம்பனியின் விமானிகளும் அதே பிழையைச் செய்து மயிரிழையிலே தப்பியிருந்தனர். அதனை அவர்கள் மறைக்கவில்லை. தம் கம்பனிக்கு அறிவித்தனர், கம்பனியும் தன் விமானிகளை எச்சரித்தது. ஆனால் அச்செய்தி பிறரிடம் செல்ல வழியொன்று இருக்கவில்லை. இறந்தவர்கள் அந்தப் பிறரே.

ஆதலின் பிழைகளை அறிவிக்கும் ஏற்பாடொன்று அமைக்கப்பட்டது. தண்டிக்கும் அதிகாரியிடமே குற்றத்தைச் சொல்ல யார் வருவர்? அறிக்கைகளைப் பெறும் பணி 1976 இல் நாசா நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நாசா பெயரை நீக்கிவிட்டுச் செய்தியை மட்டும் எடுத்துக்கொள்ளும். பத்து நாளுக்குள் அறிவித்த விமானிக்கு, பிழை வேண்டுமென்று செய்யப்படாததாகவும், விபத்தோ குற்றச்செயலோ அல்லாததாகவும், முன் ஐந்தாண்டில் அவர்மீது மீறல் எதுவும் நிறுவப்படாததாகவும் இருப்பின், தண்டனை விலக்கப்படும். பிழை பிழையே என்ற தீர்ப்பு நிற்கலாம். தண்டம் மாத்திரம் இல்லை.

இதனைக் கேட்ட என் நண்பர் ஒருவர், "கள்வன் தானே வந்து சொன்னால் விட்டுவிடுவதா?" என்றார். வேண்டுமென்றே விரைந்தவனுக்கு இங்கு அடைக்கலம் இல்லை என்பதை அவர் கருதவில்லை. அவர் கூறாத வேறொரு குறை எனக்குத் தோன்றுகின்றது. தண்டனைக்குத் தப்பும் பொருட்டே பலர் அறிக்கை எழுதுவர். அதனை மனந்திருந்தல் என்று எவ்வாறு கூறுவது? எனினும் எழுதியவன் உள்ளம் யாதாயினும், எழுதிய செய்தி அடுத்த விமானியைக் காக்கின்றதே! அதனால் இவ்வேற்பாட்டை நான் ஏற்கின்றேன். திருக்குறளில் செங்கோன்மைக்கும் கொடுங்கோன்மைக்கும் பின்னே வெருவந்த செய்யாமை எனத் தனியோர் அதிகாரம் இருப்பதன் பொருளை, முப்பதாண்டு அதனைக் கற்பித்த பின்னர் இப்பொழுதுதான் சற்றே உணர்கின்றேன்.

என் தொழிலின் தொடக்ககாலத்தில், பழைய அகராதியொன்றின் தாள் தன் கையிற் கிழிந்ததென்று ஒரு மாணாக்கன் தானே வந்து சொன்னான். நான் அவனைப் பிரம்பால் அடித்தேன். அதன் பின்னரும் அந்நூலகத்திற் புத்தகங்கள் கிழிந்தன. ஆண்டிறுதியில் எண்ணிப் பார்க்கையில்தான் எனக்குத் தெரியவந்தது. ஒருவனேனும் வந்து சொல்லவில்லை.