கடலோரச் சாலையும் காணாமல் போன மணலும்

கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடுகிறோம். மரக்காணம் உப்பளம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பொம்மையார்பாளையத்திலோ தந்திராயன்குப்பத்திலோ ஒருமுறை இறங்கிக் கடல் பக்கம் நடந்து பாருங்கள். படகு இழுத்துப் போட, வலை காயவைக்க மணல் தேடணும்; கண்ணில் படுவது கருங்கல்தான்.

ஏன்? நம்ம கடலில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1989 வாக்கில் கட்டி முடித்த புதுவைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அதை மறித்துவிட்டன. தெற்கே மணல்மேடு, வடக்கே அரிப்பு. கல் கொட்டினால் அந்த இடம் தப்பும், அடுத்த ஊர் போகும்.

2018-இல் தலைமைச் செயலகம் அருகே கடலுக்குள் செயற்கைத் திட்டு போட்டார்கள். டவுனுக்கு மணல் திரும்பியது. சந்தோஷம். குப்பத்துக்காரர்களுக்கு மட்டும் கல்லா? அடைபட்ட மணலை அள்ளி வடக்கே விட வேண்டும். சிவில் படிக்கும் நண்பர்களே, நாளைக்கு எஸ்டிமேட் போடும்போது அந்தச் செலவையும் சேர்த்து எழுதுங்கப்பா!