ஆற்றுவாயை வெட்டுவதற்கு நாள் குறிப்பவர் யார்?

மட்டக்களப்புக்கு வரும் அமைச்சர்கள் வாவியின் பாடும் மீனைக் குறிப்பிடத் தவறுவதில்லை. வலையில் அகப்படும் மீனைப் பற்றி அவர்கள் பேசுவது அரிது. வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்குப் பரந்து கிடக்கும் இந்நீர்ப்பரப்பின் கிழக்கே எழுவான்கரை ஊர்களும் சந்தைகளும், மேற்கே படுவான்கரையின் வயல் வட்டைகளும் அமைந்துள்ளன. இரு கரைகளின் சோறும் கறியும் வாவியின் நீர்மட்டத்திலேயே தங்கியுள்ளன.

அந்த நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது ஆற்றுவாய். கோடை காலத்தில் கடலலை மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை அடைத்துவிடுகின்றது. வடகீழ்ப் பருவமழை தொடங்கி, குளங்களும் ஆறுகளும் பெருக்கெடுத்ததும் வாவி நிரம்புகின்றது. அவ்வேளையில் மணற்றிட்டு தானாக உடைய வேண்டும். அல்லது மனிதர் அதனை வெட்டிவிட வேண்டும். எப்போது வெட்டுவது என்பதிலேயே விவசாயிக்கும் மீனவருக்கும் இடையிலான பிணக்கு ஆரம்பமாகின்றது.

பெரும்போகப் பயிர் இளம்பயிராக நிற்கும் காலம் அது. தாழ்நிலக் காணிகளில் வெள்ளம் சில நாட்கள் தொடர்ந்து நின்றால் பயிர் அழுகிவிடும். ஆகவே உடனே வெட்டுங்கள் என்கிறார் விவசாயி. இறால் குஞ்சுகளோ கடலிலிருந்து வாவிக்குள் புகுந்து, உவர்நீரில் வளர்ந்த பின்னரே மீண்டும் கடலுக்குச் செல்பவை. காலத்துக்கு முந்தி வெட்டினால் வாவி நீர் விரைந்து வடிந்து, வளராத இறாலும் மீன் குஞ்சும் அதனுடன் அள்ளுண்டு போய்விடும் என்கிறார் மீனவர். இருவர் கூற்றிலும் உண்மை இருக்கின்றது. ஆயினும் இருவரின் நட்டமும் ஒரே விதமாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. மூழ்கிய வயலை அதிகாரி நேரில் வந்து பார்க்கலாம், ஏக்கர் கணக்கிடலாம், படமும் எடுக்கலாம். வலையில் விழாத இறாலை எவ்வாறு எண்ணிக் காட்டுவது? இதனால் மீனவரின் முறைப்பாடு பெரும்பாலும் வாய்ப்பேச்சாகவே நின்றுவிடுகின்றது.

2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் கிழக்கை மூழ்கடித்தது போன்ற பெருவெள்ளத்தின்போது இவ்விவாதத்துக்கே இடமில்லை. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரத்தில் சென்ற மதரஸா மாணவர்களை வெள்ளம் அடித்துச்சென்ற துயரத்தை இப்பிரதேச மக்கள் மறக்கமாட்டார்கள். மனித உயிருக்கு ஆபத்து என்றால் வெட்டத்தான் வேண்டும். பிரச்சினை சாதாரண மழை பெய்யும் ஆண்டுகளில்தான். அவ்வாண்டுகளில் எவரின் குரல் முதலில் கச்சேரிக்கு எட்டுகிறதோ அவர் சொல்லே வென்றுவிடுமோ என்ற ஐயம் மற்றவருக்கு எழுகின்றது.

இவ்விடத்தில் ஒன்றைத் துணிந்து கூறியாக வேண்டும். இங்கு எந்தப் பிணக்கையும் தமிழர் - முஸ்லிம் பிணக்காக மாற்றிவிடுவதற்குச் சிலருக்கு அதிக நேரம் தேவைப்படுவதில்லை. ஆனால் படுவான்கரை வட்டைகளில் தமிழ்ப் போடிகளும் இருந்தனர், முஸ்லிம் போடிகளும் இருந்தனர். 1990 இன் பின்னர் தமது வயலுக்குப் போக முடியாமல் தவித்த முஸ்லிம் விவசாயிகளின் கதையும், வாவியில் வலை வீச அனுமதி கேட்டுக் காவலரண்களில் நின்ற தமிழ் மீனவர்களின் கதையும் நாம் அறிந்தவையே. தோணி வலிப்பவர்களும் இரு சமூகத்திலும் இருக்கின்றனர். வாவி நீர் உயர்ந்தால் அது எவரின் வரம்பு என்று பார்த்து ஏறுவதில்லை.

உண்மையான கோளாறு நிர்வாகத்தில் இருக்கின்றது. குளத்துநீர் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு; வயல் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு; மீன் கடற்றொழில் திணைக்களத்துக்கு; குஞ்சு விடுவது நெக்டாவுக்கு; கரை கரையோரம் பேணல் திணைக்களத்துக்கு. வாவியோ இரண்டு மாவட்டங்களில் கிடக்கின்றது. இவற்றை ஓரிடத்தில் இணைத்திருக்கக்கூடிய கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 இல் முடிந்த பின்னர் ஆண்டுக்கணக்கில் தேர்தலே நடத்தப்படவில்லை.

கொழும்பில் எடுக்கப்படும் முடிவு இங்கு எவ்வாறு வந்து விழுகின்றது என்பதற்கு 2021 ஒரு பாடம். அவ்வாண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது பெரும்போக விதைப்புக் காலம் வந்துவிட்டிருந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அதற்கு முந்திய மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக்கப்பட்டது. கடலுக்குச் செல்லும் இயந்திரப் படகுகளுக்கு அது பேரிடி. வாவித் தோணிக்கு வேண்டியதோ ஒரு துடுப்பு மாத்திரமே. நெருக்கடியில் எரிபொருளை நம்பாத புரதம் வீட்டு வாசலில் இருக்கின்றது என்பதை எமது கொள்கை வகுப்போர் இன்னும் உணர்ந்ததாகத் தெரியவில்லை. நெல்லின் கதையும் வேறன்று: 2025 இல் நாட்டரிசி நெல்லுக்குக் கிலோ 120 ரூபா என்ற உத்தரவாத விலை பெப்ரவரி 5 இல் அறிவிக்கப்பட்டபோது, ஏனைய மாகாணங்களை முந்தும் கிழக்கின் அறுவடை தொடங்கிவிட்டிருந்தது.

செய்யக்கூடியது பெரிய காரியமன்று. முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலும் நீர்மட்டக் கோல்களை நட்டு, எந்த மட்டத்தில் ஆற்றுவாய் வெட்டப்படும் என்பதை மழைக்கு முன்னரே எழுத்தில் அறிவிக்கலாம். வெட்டிய நாளையும் மட்டத்தையும் பள்ளிவாசல், கோயில், கமநல நிலையம், இறங்குதுறை எங்கும் ஒட்டலாம். மீன்பிடிச் சங்கங்கள் நாளாந்தப் பிடிபாட்டைப் பதிவுசெய்தால், ஐந்தாறு ஆண்டுகளில் முந்தி வெட்டியதன் நட்டத்தை எண்களில் காட்ட முடியும். தங்கூசி வலை பாவிப்போரைச் சங்கங்களே தடுக்காமல், குஞ்சுகள் குறைந்ததற்கு ஆற்றுவாயை மட்டும் குற்றஞ்சாட்டுவதும் பொருந்தாது.

பெரும்போக ஆரம்பக் கூட்டங்களுக்கு வட்டவிதானைமாரும் விவசாய அமைப்புகளும் அழைக்கப்படுகின்றனர். அடுத்த கூட்டத்துக்கு இரு மாவட்டச் செயலாளர்களும் வாவி மீனவர் சங்கங்களுக்கும் கடிதம் அனுப்பட்டும். அதற்கு அமைச்சரவை அனுமதி தேவையில்லை.